எங்க வேணா ஓட்டை போட்டுக்கோ

தம்பியிடமிருந்து போன் வந்தபோது காத்துக்காரி ஒரு பேக்கரியின் அடுப்படியில் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தாள். வாயில் இரண்டு திருகாணிகள். அவற்றைத் துப்பிவிட்டு "சொல்லு" என்றாள். அவன் எப்படி இருக்கே என்றுகூடக் கேட்கவில்லை.

"அக்கா, வீட்ல ஒரு ரூமுக்குக் காத்து வசதி பண்ணணும். ரெண்டு பேர் வந்து பார்த்துட்டுப் போயிட்டாங்க. ஒண்ணும் சரிப்படலை. நீ வந்தாத்தான் ஆகும்."

அப்பா போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு அவன் பேசும் முதல் பேச்சு இது. அவளும் பேசவில்லை என்பது வேறு விஷயம்.

காத்துக்காரி என்பது தொழில் கொடுத்த பெயர். புகை அடைத்த சமையல்கட்டு, நீராவி மண்டிய சலவைக்கடை, மூச்சு முட்டும் பட்டறை என்று எங்கே கூப்பிட்டாலும் தகரக் குழாயும் ஃபேனுமாகப் போய் இறங்குவாள். அவள் திரும்பி வரும்போது அங்கே மனிதர்கள் நின்று மூச்சு விடலாம். வீட்டுக்காரர் இதை வைத்துக் கேலி பண்ணுவார். "ஊர்ல எல்லாரும் சாயங்காலமானா காத்து வாங்கப் போவாங்க. எங்க வீட்டம்மா காலங்கார்த்தாலேயே காத்து விக்கக் கிளம்பிடுவா." வாய் நீளம் கொஞ்சம் அவளுக்கு. காசு கொடுக்கிறவன் என்பதற்காக யாருக்கும் குனிந்து பேச மாட்டாள். சமையல்காரர்கள் அவளைக் கண்டால் பேச்சை நிறுத்திவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

போக வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு, வேலை என்று கூப்பிட்டால் வேலைக்குப் போவது, அவ்வளவுதானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு மறுநாள் வேனை எடுத்தாள்.

தம்பி வாசலிலேயே நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் வீட்டின் வெளிச்சுவர் முழுக்கப் பளபளவென்று கல் ஒட்டியிருந்தது. கழுவிவிட்ட எருமை மாதிரி வெயிலில் மின்னியது.

"வா அக்கா, வா. இப்ப நாங்க வீட்டுக்குள்ளேயே கீரை வளர்க்கிறோம். வெளிநாட்டு ரகம். எல்லாம் பச்சையா சாப்பிடறது. ஹோட்டல்காரங்க வந்து வாங்கிட்டுப் போறாங்க. வெயிலே வேணாம், மண்ணே வேணாம். விளக்கு வெளிச்சத்துலயே வளரும். நல்ல பிசினஸ். சூடுதான் பிரச்சினை."

சமையலறை வாசலில் தம்பி மனைவி தெரிந்தாள். கை முழங்கை வரை ஈரம். "வாங்க அண்ணி" என்றாள், உள்ளே போய்விட்டாள். இளைத்துப் போயிருந்தாள்.

தம்பி பேசிக்கொண்டே கூடத்தைத் தாண்டி நடந்தான். நடை வழியின் கடைசிக் கதவை நோக்கிப் போகிறான் என்று தெரிந்ததுமே காத்துக்காரியின் கால் தயங்கியது. அந்த வீட்டில் அந்தப் பக்கம் ஒரே ஒரு அறைதான் உண்டு.

அவன் கதவைத் திறந்தான். சூடு முகத்தில் அறைந்தது.

அப்பாவின் அறை. சுவரெல்லாம் வெள்ளித்தாள் ஒட்டி, அடையாளமே தெரியாமல் ஆக்கியிருந்தார்கள். கட்டில் இருந்த இடத்தில் இரும்புச் சட்டம். அதில் தட்டுத் தட்டாக நாற்று. மேலே கூரையிலிருந்து பெரிய கவசங்களோடு இரண்டு விளக்குகள் தொங்கின, பார்க்கவே கண் கூசியது. எங்கேயோ பழசாக வாங்கியவை, ஒவ்வொன்றும் அடுப்பு மாதிரி கொதிக்கும் ரகம். விளக்குகளின் சோக் பெட்டிகளும் அதே அறைக்குள் மூலையில் உட்கார்ந்து தம் பங்குக்குச் சூடு கக்கிக்கொண்டிருந்தன. ஒரு மேஜை ஃபேன் கழுத்தைத் திருப்பித் திருப்பி அந்தச் சூட்டையே கிண்டிவிட்டுக்கொண்டிருந்தது. கீரைகளின் ஓரம் கருகிய காகிதம் மாதிரி சுருண்டு கிடந்தது.

ஜன்னல் என்று ஒன்று அந்த அறைக்கு ஒரு காலத்தில் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் தம்பி இன்னொரு குளியலறை கட்டிக்கொண்டபோது அதை அடைத்துவிட்டான். அதற்குப் பிறகுதான் அப்பாவுக்கு நெஞ்சு கெட்டுப் போய், அங்கே கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். கோடை முழுக்க அவர் அந்த அறையில் கிடந்தார். பேச மூச்சு போதாது. மேலே ஓடும் ஃபேனைக் காட்டி, பிறகு சுவரைக் காட்டி, விரலால் வட்டம் போட்டுக் காட்டுவார். மகளின் தொழில் அவருக்குத் தெரியாதா? சுவரில் ஒரு ஓட்டை போட்டு வெளியே இழுக்கிற ஃபேன் ஒன்று வைத்துக் கொடு என்று கேட்டார். வேறு எதையும் அவர் கேட்டதில்லை.

அவள் நல்ல ஃபேனாகப் பார்த்து எடுத்துக்கொண்டு வந்தாள். தம்பி வாசலிலேயே நிறுத்தினான். "இப்பத்தான் கல்லு ஒட்டியிருக்கேன் அக்கா. ஓட்டை போட்டா விரிசல் விட்டுடும். அப்புறம் அந்தக் கல்லு கிடைக்கவே கிடைக்காது. அவருக்கென்ன, கொஞ்ச நாள்தானே." அன்றைக்குப் போட்ட சண்டையில் தெருவே வெளியே வந்து பார்த்தது. அவள் ஃபேனைத் தூக்கி வேனில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அது அப்புறம் ஏதோ ஒரு டீக்கடைக்குப் போனது. மழை வருவதற்குள் அப்பாவும் போய்விட்டார்.

இப்போது தம்பி வெள்ளித்தாள் ஒட்டிய சுவரைத் தட்டிக் காட்டினான்.

"உனக்கு எங்க வசதியோ அங்க எங்க வேணா ஓட்டை போட்டுக்கோ, அக்கா."

காத்துக்காரி அவனைப் பார்த்தாள். அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை. வேலை ஆக வேண்டுமே என்ற கவலை மட்டும் இருந்தது.

"எந்தச் சுவர்ல?" என்றாள்.

"இதோ, வெளிச்சுவர்லதான்."

"கல்லு ஒட்டியிருக்கே."

"கல்லு போனாப் போகுது. செடி முக்கியம்ல?"

வாயைத் திறந்தால் என்ன வரும் என்று காத்துக்காரிக்கே தெரியவில்லை. வேனுக்குப் போய்ச் சுவர் குடையும் மெஷினையும் ஃபேன், குழாய்ச் சாமான்களையும் தூக்கிக்கொண்டு வந்தாள். தட்டுகளை மூடச் சொல்லவில்லை. தூசி படும், தள்ளி நில் என்றும் சொல்லவில்லை. வெள்ளித்தாளை ஒரே இழுப்பில் கிழித்தாள். அடியில் அந்தப் பழைய இளநீலச் சுவர் தெரிந்தது. தலையணை உரசி உரசி ஓரிடத்தில் எண்ணெய்க் கறை. அதற்கு நேர் மேலே, கூரைக்கு ஒரு சாண் கீழே மெஷினை வைத்து அழுத்தினாள்.

செங்கல் உறுமியது. தம்பி என்னவோ சொல்லிக் கையை ஆட்டினான், கேட்கவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். கல் வரைக்கும் போனதும் மெஷின் கீச்சிட்டது. கையைத் தளர்த்தி மெல்லப் போனால் கல் பிழைக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள் மெல்லப் போகவில்லை. வெளியே கல் சடசடவென்று விழுந்து உடைகிற சத்தம் கேட்டபோது ஒரு கணம், ஒரே ஒரு கணம், மனசுக்கு இதமாக இருந்தது.

மெஷினை நிறுத்தினாள். வட்டமாக வெளிச்சம் உள்ளே விழுந்தது. அடைபட்டிருந்த சூடு அந்த வழியாக வெளியே போகத் தொடங்கியது. கதவுப் பக்கத்திலிருந்து குளிர்ச்சியாக ஒரு காற்று அவள் கணுக்காலைத் தொட்டு நகர்ந்தது. ஃபேன்கூட இன்னும் வைக்கவில்லை. வெறும் ஓட்டைக்கே இவ்வளவு.

அதுதான் அவளைக் கொன்றது.

"எவ்வளவு நேரம் ஆச்சு பார்த்தியாடா?" என்றாள்.

"என்ன?"

"ஒரு டீ குடிக்கிற நேரம். அவ்வளவுதான் ஆச்சு. இதைத்தானேடா அந்த மனுஷன் கேட்டாரு? கையை இப்படி வட்டம் போட்டுக் காட்டிக் காட்டிக் கேட்டாரே! கல்லு போயிடும்னே. இன்னைக்குக் கீரைக்குன்னதும் கல்லு போனாப் போகுதாடா உனக்கு?"

தம்பியின் முகம் சுருங்கியது. "ஆரம்பிச்சுட்டியா? பழசை எதுக்கு இப்பக் கிளறுறே? டாக்டரே கையை விரிச்சுட்டாரு. ஃபேன் மாட்டியிருந்தா மட்டும் பிழைச்சிருப்பாரா?"

"பிழைச்சிருக்க மாட்டாரு. வேர்த்து வழியாம செத்திருப்பாரு."

"நீ பேசுவே அக்கா. வாரத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டு, இதைச் செய் அதைச் செய்யின்னு நாட்டாமை பண்ணிட்டுப் போயிடுவே. வச்சுப் பார்த்தது நாங்க. அள்ளிப் போட்டது நாங்க."

"ஆமாடா, வச்சுப் பார்த்தே. அடுப்புக்குள்ள வச்சுப் பார்த்தே."

"வேலை செய்யத்தானே கூப்பிட்டேன்? செய்ய இஷ்டம் இருந்தாச் செய், இல்லைன்னா..."

"இல்லைன்னா?"

அவன் முடிக்கவில்லை. அவள் காத்திருக்கவும் இல்லை. மெஷினின் ஒயரைச் சுருட்டிக்கொண்டாள். கொண்டுவந்த ஃபேன், குழாய்ச் சுருள், டேப் எல்லாவற்றையும் வாரி எடுத்தாள். சுவரில் ஓட்டை அப்படியே கிடந்தது. எலி வரட்டும், பூனை வரட்டும், மழை வரட்டும். கூடத்தில் சிமெண்டுத் தூசியைத் தடம் தடமாகப் பதித்துக்கொண்டு வெளியே வந்து, வேனில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள். சாவியைத் துளையில் செருகினாள்.

பக்கத்துக் கதவு திறந்தது. தம்பி மனைவி ஏறி உட்கார்ந்தாள். மூச்சு இரைத்தது.

"இறங்கும்மா. உன் மேல எனக்குக் கோபம் இல்லை" என்றாள் காத்துக்காரி.

"எனக்கு உங்க மேல இருக்கு."

காத்துக்காரி திரும்பிப் பார்த்தாள். இந்தப் பெண் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவளிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை.

"நீங்க அக்காவும் தம்பியும் அடிச்சுக்க என் செடிதான் கிடைச்சுதா? அந்த இலை மேல எல்லாம் தூசி. மூடச் சொல்லியிருந்தா ஒரு துணி போட்டு மூடியிருப்பேன்ல?"

"உன் செடியா? அவன் நாங்க வளர்க்கிறோம்னான்."

"விளக்கு மட்டும்தான் அவர் வாங்கிக் கொடுத்தாரு. அதுவும் யாரோ மூட்டை கட்டி வச்சிருந்ததை. விதை போடறதும் தண்ணி மாத்தறதும் ஹோட்டல் ஹோட்டலா ஏறி இறங்கறதும் நான். மருந்துக்கடை வேலையை எதுக்கு விட்டேன்னு நினைக்கிறீங்க? மாமாவைப் பார்த்துக்கத்தான் விட்டேன். அவர் போனதும் திரும்பப் போய்க் கேட்டா, வேற ஆள் வந்தாச்சுன்னுட்டாங்க. 'நாங்க, நாங்க'ன்னாரே உங்க தம்பி, அந்த 'நாங்க'ல அவர் எங்க இருந்தாரு? காலைல போனா சாயங்காலம் வந்து வாசப்படில நின்னு, எப்படிப்பா இருக்கீங்கன்னு கேட்பாரு. உள்ள வந்தா வேர்க்கும்ல."

காத்துக்காரி சாவியிலிருந்து கையை எடுத்தாள்.

"அட்டையால வீசிட்டே உட்கார்ந்திருப்பேன். கை மரத்துப் போகும். நிறுத்தினா கண்ணைத் திறந்து பார்ப்பாரு. நிறுத்தாதேன்னு சொல்லக்கூட மூச்சு வராது." அவள் குரல் உடையவில்லை, இன்னும் கூர்மையானது. "நீங்க அன்னைக்கு ஃபேனோட வந்தப்ப நான் கூடத்து ஜன்னல்ல நின்னு பார்த்துட்டிருந்தேன். அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. ஊர்ல உள்ள சமையல்காரன் எல்லாம் உங்களைக் கண்டா நடுங்கறான். ஆனா தம்பி வேணாம்னதும் என்ன பண்ணினீங்க? தெருவே கேட்கிற மாதிரி கத்தினீங்க. கேட்டை உதைச்சீங்க. போயிட்டீங்க. நகருடான்னு அவரைத் தள்ளிட்டு உள்ள வந்து மாட்டியிருக்கலாம்ல? யாரு உங்களைத் தடுத்திருக்க முடியும்? உங்களுக்குக் கோபம் வந்தா வண்டில ஏறிடறீங்க, அண்ணி. நான் எந்த வண்டில ஏறுவேன்?"

வேனுக்குள் வெயில் காய்ந்தது. காத்துக்காரிக்கு வாய் வரைக்கும் பதில் வந்தது. அது உன் வீடு, நீ வாயைத் திறந்திருக்கலாமே என்று கேட்டிருக்கலாம். எனக்கும் பிள்ளை குட்டி, வேலை வெட்டி இருந்தது என்று சொல்லியிருக்கலாம். எல்லாமே உண்மைதான். ஆனாலும் தம்பி மனைவி சொன்னதில் ஒரு எழுத்தைக்கூடப் பொய் என்று தள்ள முடியவில்லை. அதனாலேயே இன்னும் ஆத்திரமாக வந்தது. இதுவரைக்கும் தம்பி மேல் இருந்த கோபத்தில் அவளுக்கு ஒரு பிடிமானம் இருந்தது. அதையும் இந்தப் பெண் உருவிவிட்டாள்.

சாவியை எடுத்துப் பையில் போட்டாள்.

"ஃபேன் கனம். நீ குழாயை எடுத்துக்கோ" என்றாள்.

அவர்கள் திரும்பி வந்ததைப் பார்த்ததும் தம்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அதானே பார்த்தேன். அக்கா, டீ போடச் சொல்..."

"ஸ்டூல் எடுத்துட்டு வா."

அதற்குப் பிறகு அவள் அவனிடம் பேசியதெல்லாம் அந்த மாதிரிதான். பிடி. தூக்கு. இன்னும் மேலே. ஆட்டாதே. விளக்கம் எல்லாவற்றையும் தம்பி மனைவிக்குச் சொன்னாள். "முதல்ல இந்தச் சோக் பெட்டி ரெண்டும் நடை வழிக்குப் போகணும். இதுகளுக்குச் செடி பக்கத்துல வேலையே இல்லை. அப்புறம் விளக்கு. விளக்கோட சூடு ரூமுக்குள்ள இறங்கவே கூடாது. கவசத்துக்கு அடியில கண்ணாடி போட்டு மூடிடலாம். நடை வழிக் காத்தைக் குழாய் வழியா இந்தக் கவசத்துக்குள்ள விட்டு, அந்தக் கவசத்துக்குள்ள இழுத்து, நேரா வெளியே தள்ளிடணும். அது தனிப் பாதை. ரூம் காத்துக்குத் தனியா ஒரு சின்ன ஃபேன். கதவுக்கு அடியில அகலமா வெட்டி வலை அடிச்சுத் தர்றேன். கீழே நுழையணும், மேலே போகணும். நுழையற வழி குறுகலா இருந்தா ஃபேன் கத்துமே தவிர இழுக்காது."

"குழாயை அந்த மூலை வழியா மறைச்சு வளைச்சுக் கொண்டு போயிடலாமே, பார்க்க அழகா..." என்றான் தம்பி.

"ஒவ்வொரு வளைவுக்கும் காத்து செத்துப் போகும்மா" என்று அவள் தம்பி மனைவியைப் பார்த்துப் பதில் சொன்னாள். "நேராப் போனா நல்லது."

சின்ன ஃபேனுக்காக இரண்டாவது ஓட்டை போட்டபோது கீரையைத் துணியால் மூடச் சொன்னாள். மெதுவாகக் குடைந்தாள். கல்லில் ஒரு கீறல் விழவில்லை. அதைத் தம்பி கவனித்தான், உடைந்துபோன முதல் கல்லையும் நினைத்துப் பார்த்திருப்பான்.

மாட்டி முடித்ததும் சோதிக்க வேண்டும். விளக்கு இரண்டும் எரிய, ஃபேன் ஓடாமல் கதவு சாத்தியிருந்தால் சூடு எவ்வளவு ஏறுகிறது, ஓடினால் எவ்வளவு இறங்குகிறது என்று செடி மட்டத்தில் பார்த்தால்தான் வேகத்தை எங்கே நிறுத்துவது என்று தெரியும். வெப்பமானியோடு ஒருத்தர் உள்ளே உட்கார வேண்டும்.

"நான் பார்த்துச் சொல்றேன்" என்று தம்பியே முன்வந்தான். மாலைக்குள் வேலை முடிந்துவிடும் என்ற சந்தோஷம் அவனுக்கு. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டான். தம்பி மனைவி கதவைச் சாத்திவிட்டு அதன் மேலேயே சாய்ந்து நின்றாள். சுவிட்ச் அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

விளக்குகள் சூடேறச் சூடேற உள்ளேயிருந்து எண்கள் வந்தன. முதலில் உற்சாகமாக, கிரிக்கெட் ஸ்கோர் சொல்கிறவன் மாதிரி. பிறகு இடைவெளி விட்டு. பிறகு எண்ணுக்குப் பதிலாக ஒரு பெருமூச்சு.

"போதும். ஃபேனைப் போடு" என்றான்.

தம்பி மனைவியின் விரல் சுவிட்சின் மேல் இருந்தது. அழுத்தவில்லை.

"கேட்குதா? ஃபேனைப் போடு. வேர்த்து ஊத்துது."

அவள் அசையவில்லை. கதவு உள்ளிருந்து தள்ளப்பட்டது, அவள் தோள் அதை மீண்டும் சாத்தியது. "கதவைத் திறந்தாக் கணக்கு தப்பாயிடும்னு அண்ணி சொன்னாங்க" என்றாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"அக்கா! என்ன இது? மூச்சு முட்டுது!"

காத்துக்காரி தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்தாள். அங்கே கோபம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. எத்தனையோ மத்தியானங்களை அந்தக் கதவுக்குப் பின்னால் கழித்தவளின் முகம் அது. அவள் பார்வை எதிர்ச் சுவரில் நிலைத்திருந்தது. காத்துக்காரிக்குத் தெருவெல்லாம் கேட்கக் கத்திய தன் கோபம் இதன் பக்கத்தில் வெறும் வாய்ச்சத்தம் என்று தோன்றியது. ஒரு கணம் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றும் மனசு சொன்னது. அதையும் மறைப்பதற்கில்லை.

உள்ளே ஸ்டூல் சாய்ந்து விழும் சத்தம் கேட்டது.

"போடும்மா" என்றாள் காத்துக்காரி.

தம்பி மனைவி திரும்பவில்லை.

"போடு. போதும். உன் செடியும் உள்ள இருக்கு."

விரல் அழுந்தியது. ஃபேன் ஒரு முறை திணறி, பிறகு சீராக ஓடியது. மடிப்பு மடிப்பாக இருந்த அலுமினியக் குழாய் விறைத்துக்கொண்டது. கதவுக்கு அடியில் இருந்த வலை வழியாகக் காற்று விசிலடித்துக்கொண்டு நுழைந்தது.

தம்பி மனைவி கதவை விட்டு விலகினாள். தம்பி வெளியே வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, முகம் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது.

"விளையாட்டா இது? இன்னும் கொஞ்சம் விட்டிருந்தாச் செத்திருப்பேன்!"

நடை வழியில் ஃபேன் சத்தம் மட்டும் இருந்தது. சொன்னது அவன் காதிலேயே விழுந்ததோ இல்லையோ, அவன் யாரையும் பார்க்காமல் குளியலறைக்குப் போனான். குழாய் நெடுநேரம் திறந்தே இருந்தது. வெளியே வந்து ஏதாவது சொல்வான் என்று காத்துக்காரி சாமான்களை எடுத்து வைக்கிற சாக்கில் கொஞ்சம் தாமதித்தாள். அவன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, "வெளியே உடைஞ்ச கல்லுக்கு என்ன பண்றது?" என்று கேட்டான்.

அவள் சிரித்துவிட்டாள். அழுகை மாதிரி வந்த சிரிப்பு. "அப்படியே இருக்கட்டும்டா" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தம்பியைத் திட்டிக்கொண்டே போனாள். பாதி வழியில் திட்டு தன் பக்கம் திரும்பியது. உள்ளே வந்து மாட்டியிருக்கலாம்ல என்ற குரல் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்துகொண்டு வந்தது. அதை இறக்கிவிட அவளுக்கு வழி தெரியவில்லை.

கீரை பிழைத்துக்கொண்டது. புது இலைகள் கருகாமல் தளதளவென்று வந்ததாகத் தம்பி மனைவி போனில் சொன்னாள். பிறகு இன்னும் இரண்டு ஹோட்டல்கள் கேட்டதாகவும், விளக்கை மாற்றிச் சூடு குறைந்த ரகமாகத் தானே வாங்கப் போவதாகவும் சொன்னாள். பேச்சில் அண்ணி என்ற சொல் இப்போது கொஞ்சம் அதட்டலாகவே வந்தது. காத்துக்காரிக்கு அது பிடித்திருந்தது.

ஃபேனில் தூசி சேராமல் பார்த்துக்கொள்ள அவ்வப்போது அவள் அந்த வீட்டுக்குப் போகிறாள். தம்பி மனைவியும் அவளும் அந்த அறையில் நின்று துடைப்பார்கள், கழற்றுவார்கள், மாட்டுவார்கள். அப்பாவைப் பற்றிச் சில நாள் பேசுவார்கள், சில நாள் பேச மாட்டார்கள்.

கதவைத் திறப்பது பெரும்பாலும் தம்பிதான். "வா அக்கா" என்பான். அவள் அவனைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "வீட்ல யாரும் இல்லையா?" என்று உரக்கக் கேட்பாள்.